மேசை மேல் நின்ற ஏழைகள்: 18ஆம் நூற்றாண்டுப் பீங்கான் பொம்மைகள் யார் பக்கம் பேசின?

கீழ்வாசல் எழுதியது:

ஐரோப்பிய ஓவியம், கட்டடம் பற்றியெல்லாம் இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. பீங்கான் பொம்மைகளுக்கென்று ஒரு இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒரு குறிப்பிட்ட பொம்மையிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் டிரெஸ்டனுக்கு அருகே இருக்கிறது மைசென். ஐரோப்பாவில் முதன்முதலாகக் கெட்டிப் பீங்கான் செய்த தொழிற்சாலை 1710இல் அங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ். பீங்கான் மேல் அவருக்கு இருந்த வெறிக்கு ஒரு சான்று போதும்: 1717இல் பிரஷ்ய மன்னருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து, 151 சீனப் பீங்கான் பாத்திரங்களை வாங்கிக்கொண்டார். 1731இல் யோஹான் யோவாகிம் கேண்ட்லர் என்ற சிற்பி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நாம் இன்று பீங்கான் பொம்மை என்றதும் நினைக்கிற வடிவம் பெரும்பாலும் அவர் கையில் பிறந்ததுதான்.

1740களிலும் 1750களிலும் அவரும் பீட்டர் ரைனிக்கே என்ற சிற்பியும் பாரிஸ் தெருவியாபாரிகளை வரிசை வரிசையாகப் பொம்மைகளாக்கினார்கள். அதில் ஒருவர் நிலப்படம் விற்பவர். முதுகில் பெட்டி, கையில் விரித்த நிலப்படம், வாய் கூவுகிற பாவனையில் இருக்கிறது. உயரம் ஒரு சாண்கூட இராது. நாளெல்லாம் தெருத்தெருவாக நடக்கிற மனிதர்தான், ஆனால் காலுறையில் ஒரு சேற்றுத் துளி இல்லை. கன்னம் ரோஜா நிறம். சட்டைக்கு அழகான வண்ணம். காலடியில் பூ.

இந்தப் பொம்மைகள் அலமாரிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெரிய விருந்தின் கடைசியில் இனிப்பு பரிமாறும்போது மேசை நடுவே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. அதற்கு முன்பு அந்த வேலையைச் சர்க்கரைச் சிற்பங்கள் செய்தன. அதனால் பீங்கான் வந்த பிறகும் பொம்மைகளைப் பராமரிக்கும் பொறுப்பு அரண்மனை மிட்டாய்க்காரர்களிடமே இருந்தது. சாக்சனியின் முதலமைச்சர் ப்ரூல் பிரபு வீட்டின் 1753ஆம் ஆண்டுப் பொருள் பட்டியலிலும் இவை மிட்டாய்ப் பிரிவின் கணக்கில்தான் இருக்கின்றன. அதே ப்ரூல் வீட்டில் 206 பேர் உட்கார்ந்த ஒரு விருந்தைப் பற்றி ஆங்கிலத் தூதர் ஹான்பரி வில்லியம்ஸ் எழுதிவைத்திருக்கிறார். மேசை நடுவே எட்டடி உயரத்தில் ரோம் நகரத்து நவோனா சதுக்க நீரூற்று நின்றதாம், அதில் பன்னீர் ஓடிக்கொண்டே இருந்ததாம். சாப்பாட்டில் இருக்கிறோமா, தோட்டத்தில் இருக்கிறோமா என்றே தெரியவில்லை என்கிறார்.

இப்படிப்பட்ட மேசையில்தான் தெருவியாபாரிகள் நின்றார்கள். அந்த வீட்டு வாசலில் உண்மையான வியாபாரி கூவினால் காவலாள் விரட்டியிருப்பான். பீங்கானில் வந்தால் நடு மேசையில் இடம். ஒரு பொம்மை எந்த மதிப்பைச் சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால் அது எங்கே நின்றது, யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் வாதம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

கேண்ட்லர் ஒரு தொழிலாளி. கையில் அச்சுப்படம் இருந்தது, அதைப் பார்த்துச் செய்தார். அழகாக இருந்தால்தான் விற்கும், அதனால் அழகாகச் செய்தார். இதில் ஆண்டான் அடிமைக் கணக்கைத் தேடினால் எங்கே பார்த்தாலும் அதுதான் தெரியும். மைசெனில் ஏழைகளை மட்டுமா செய்தார்கள்? கடவுளர், அரசவைப் பெண்கள், சுரங்கத் தொழிலாளர்கள், இத்தாலிய நாடகக் கோமாளிகள், பக் நாய்கள், எல்லாமே செய்தார்கள். 1753 வாக்கில் வந்த குரங்கு இசைக்குழுவைப் பாருங்கள். அரசவை உடுப்பு போட்ட குரங்குகள் வயலின் வாசிக்கின்றன, பாடுகின்றன, நடுவே ஒரு குரங்கு இசையை நடத்துகிறது. சிரிப்புக்கு ஆளாவது மேல்தட்டின் உடையும் பாவனையும்தானே? தன்னைத் தானே கேலி செய்துகொள்கிற கூட்டத்தை இப்படி ஒரே கோட்டில் அடைக்க முடியாது.

கீழ்வாசல் எழுதியது:

அச்சுப்படம் பார்த்துச் செய்தார் என்பது சரி. எந்த அச்சுப்படம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பாரிஸ் தெருவியாபாரிகளை எத்மே பூஷார்தோன் என்ற சிற்பி வரைந்திருந்தார். 1737க்கும் 1746க்கும் இடையே அவை 60 அச்சுப்படங்களாக வந்தன. அந்த ஆட்களைப் பாருங்கள். பாரம் தூக்கிய தோள் இறங்கியிருக்கிறது, துணி கனத்துத் தொங்குகிறது, முகத்தில் களைப்பு. பார்க்கிறவரைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை. 1753 வாக்கில் செய்த புதிய வரிசைக்கு மைசென் எடுத்துக்கொண்டது கிறிஸ்தோஃப் யுவே என்பவர் வரைந்து கொடுத்த படங்களை. அதில் எல்லோரும் சிறுத்து, மெலிந்து, நடனமாடுகிற கால்களோடு நிற்கிறார்கள். இரண்டும் கிடைத்த காலத்தில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ப்ரூல் பிரபுவின் தையற்காரர் கதையையும் சேர்த்துப் பாருங்கள். 1737இல் கேண்ட்லர் செய்த பொம்மை அது. தையற்காரர் ஒரு வெள்ளாட்டின் மேல் சவாரி செய்கிறார். கையில், இடுப்பில், ஆட்டின் மேல் என்று எங்கும் தையல் சாமான்கள். அவர் தனக்கு அரசவை விருந்தில் ஓர் இடம் வேண்டும் என்று பிரபுவிடம் கேட்டதாகவும், பிரபு அவரைப் பீங்கானில் செய்து மேசையில் வைத்துவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை பின்னால் கட்டப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பொம்மையைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு கதைதான் தோன்றியது. உட்கார இடமில்லை, நிற்க இடமுண்டு.

சூளைக்காரர் எழுதியது:

நான் மண் வேலை செய்கிறவன். கையால் செய்கிறவனின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு பொம்மையை அப்படியே ஒரே அச்சில் எடுக்க முடியாது. சிற்பி களிமண்ணில் மூலத்தைச் செய்வார். அதைத் தலை, கை, கால், உடல், கூடை என்று துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி பிளாஸ்டர் அச்சு. மைசெனிலும் இங்கிலாந்தின் போ தொழிற்சாலையிலும் மண்ணை அச்சில் அழுத்தி எடுத்தார்கள். இலண்டனின் செல்சீ தொழிற்சாலையில் கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்தார்கள். அதனால்தான் செல்சீப் பொம்மை கையில் எடுத்தால் இலேசாக இருக்கும், போ பொம்மை கனக்கும். பிறகு துண்டுகளையெல்லாம் மண்கூழால் ஒட்டி, ஒட்டு தெரியாமல் தேய்த்து, விரலையும் இதழையும் திருத்துவதற்கென்றே தனி ஆள் உண்டு.

அப்புறம் சூளை. கெட்டிப் பீங்கான் சுமார் 1,400 டிகிரியில் வேகும். வேகும்போது ஆறில் ஒரு பங்கு சுருங்கும், உடல் கொஞ்சம் இளகும். இரண்டு மெல்லிய கால்களில் நிற்கிற உருவம் அப்படியே மடங்கிவிடும். அதனால்தான் கிட்டத்தட்ட எல்லாப் பொம்மைகளுக்கும் காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை இருக்கிறது. அது அலங்காரம் இல்லை, முட்டு. ஜெர்மனியின் நிம்ஃபென்பர்க் தொழிற்சாலையில் 1754 முதல் 1763 வரை வேலை செய்த புஸ்டெல்லி என்ற சிற்பி இதற்கு வேறு வழி கண்டார். அடிப்பீடத்தையே அலைபோல மேலே எழுப்பிக் காலைத் தாங்க வைத்தார். பார்த்தால் தாங்குவது போலவே தெரியாது. அந்தக் கைத்திறனை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புதான்.

நேர்ப்பேச்சு சொல்கிற தொழில் கட்டாயம் உண்மைதான், ஆனால் அது எதுவரை போகும் என்று பார்க்க வேண்டும். மண் இளகும் என்பதால் மரக்கட்டை வந்தது. காலுறையைச் சுத்தமாக வை என்று சூளை சொல்லவில்லை. அது தூரிகை செய்த வேலை. கிழிசலும் ஒட்டுத்துணியும் வரைவது மண்ணுக்கு ஒரு சிரமமும் இல்லை. ஒட்டுத்துணி போட்ட பிச்சைக்காரர் பொம்மைகளும் மைசெனில் உண்டு. அந்த ஒட்டுகளையே வண்ண வண்ணமாகப் பார்க்க அழகாகப் போட்டிருக்கிறார்கள். வறுமையைக் காட்டத் தெரியாதவர்கள் இல்லை, எப்படிக் காட்டுவது என்று தேர்ந்தவர்கள்.

மாடிப்படி எழுதியது:

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பொம்மைகளில் பாதிக்கு மேல் பெண்கள் என்று நினைக்கிறேன். அதிலும் ஆடு மேய்க்கும் பெண்கள்.

செல்சீயில் 1765 வாக்கில் செய்த 'இசைப் பாடம்' என்ற குழு இருக்கிறது. மாதிரி செய்தவர் ஜோசப் வில்லெம்ஸ். மூலம், பிரெஞ்சு ஓவியர் பூஷேயின் படம். பையன் ஒருவன் பெண்ணை ஒட்டி உட்கார்ந்து அவள் வாயருகே குழலைப் பிடித்திருக்கிறான். இருவருக்கும் பின்னால் ஒரு புதர் முழுக்கப் பூ, ஒவ்வொரு இதழும் கையால் கிள்ளி ஒட்டியது. கீழே ஆட்டுக்குட்டி. பெண்ணின் பாவாடையில் பூவேலை, ஓரத்தில் தங்கம். அந்த உடையோடு எந்த ஆட்டையும் யாரும் மேய்த்திருக்க முடியாது. பூஷேயின் அந்தக் காட்சியே வயலிலிருந்து வந்ததில்லை. ஃபவார் என்ற நாடக ஆசிரியர் 1745இல் பாரிஸ் சந்தை மேடைக்கு எழுதிய ஊமை நாடகத்திலிருந்து வந்தது. ஆக மேடையில் நடித்த மேய்ப்பர்கள் படமாகி, படம் பீங்கானாகி, கடைசியில் இலண்டன் பணக்காரர் வீட்டுக்கு வருகிறது.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் உண்மையான மேய்ச்சல் நிலத்துக்கு என்ன நடந்தது? ஊர்ப் பொதுநிலங்களை வேலி கட்டித் தனியார் கையில் கொடுக்கும் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் வரிசையாக நிறைவேறிக்கொண்டிருந்தன. 1760க்குப் பிறகு அவை ஆயிரக்கணக்கில் போயின. ஒரு மாடும் இரண்டு ஆடும் வைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு மேய்க்க இடமில்லாமல் போயிற்று. வேலி போட்ட நிலக்கிழார் வீட்டிலும் பூப்புதருக்குக் கீழே மேய்ப்பவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இதை நினைக்காமல் என்னால் அந்தப் பொம்மையைப் பார்க்க முடியவில்லை.

இந்த வரிசையில் அடிக்கடி வருகிற இன்னொரு பொருள் பறவைக்கூண்டு. காதலன் கூண்டோடு வந்து நிற்பான். கூண்டுக்குள் இருக்கும் பறவை பெண்ணின் கற்பு, கூண்டு திறந்துவிட்டால் அது போயிற்று என்பது அந்தக் காலத்து ஓவியங்களில் எல்லோருக்கும் தெரிந்த குறிப்பு. விருந்தில் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்திருப்பார்கள். பெண்ணின் மானத்தை இனிப்புத் தட்டுக்கு நடுவில் வைத்து விளையாடிய பழக்கம் அது.

ஆனால் எல்லாமே இப்படி இல்லை. கிட்டி கிளைவைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். 1750 வாக்கில் போ தொழிற்சாலை செய்தது, சுமார் 25 செ.மீ. உயரம், பெரும்பாலும் வண்ணமே போடாத வெள்ளை. கிட்டி கிளைவ் இலண்டனின் பெயர் பெற்ற நகைச்சுவை நடிகை. கேரிக் என்ற நடிகர் எழுதிய நாடகத்தில் அவர் ஏற்ற நாகரிகச் சீமாட்டி வேடத்தில் நிற்கிறார். அகன்ற வளையப் பாவாடை, கையிடுக்கில் ஒரு நாய், கொஞ்சம் நிமிர்ந்த தலை. ஜோடியாக ஹென்றி உட்வர்ட் என்ற நடிகர். உயிரோடிருந்த நடிகர்களை இங்கிலாந்துப் பீங்கானில் செய்ததில் இவையே மிக முந்தியவை.

இந்தப் பெண் வெறும் முகம் இல்லை. நாடக முதலாளிகள் சேர்ந்துகொண்டு நடிகர்களின் சம்பளத்தைக் குறைத்தபோது, 1744இல் தன் வழக்கைப் பொதுமக்கள் முன் வைத்துச் சொந்தப் பெயரில் ஒரு சிறு நூலே அச்சிட்டவர். கூலிக்காக வெளிப்படையாகச் சண்டை போட்ட ஒரு பெண். ஆறு வருடம் கழித்து அவரைப் பீங்கானில் செய்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பெயர் இல்லாத மேய்ப்பவளுக்கும் பெயரோடு நிற்கிற இவருக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

நேர்ப்பேச்சு எழுதியது:

மாடிப்படி, கிட்டி கிளைவ் பற்றிச் சொன்னது எனக்கே புதிது, நன்றி. ஆனால் அதுவே என் கருத்துக்கும் பலம். பிடித்த நடிகையின் உருவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசை அது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தச் சம்பளச் சண்டையை நினைத்திருப்பார்கள்? பொம்மையில் நிற்பவர் நாடகத்துச் சீமாட்டி, சம்பளம் கேட்ட கிட்டி இல்லையே.

மாடிப்படி எழுதியது:

வேடம் சீமாட்டிதான். ஆனால் அந்தச் சீமாட்டியை மேடையில் நையாண்டி செய்து கைதட்டல் வாங்கியவர் கிட்டி. சீமாட்டியின் பாவாடையையும் நாயையும் ஓர் உழைக்கும் பெண் எடுத்துப் போட்டுக் காட்டுகிறார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். குரங்கு இசைக்குழுவைப் பற்றி நீங்கள் சொன்னீர்களே, அங்கே கேலி செய்கிறவர் யார் என்று தெரியாது. இங்கே அவருக்கு முகமும் பெயரும் இருக்கின்றன.

டிரென்ட்கரை எழுதியது:

நான் இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பக்கம் குடியிருக்கிறேன். ஊர் முழுக்க மண்பாண்டத் தொழிலின் எச்சம்தான். ஹேன்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தால் நீங்கள் பேசுகிற உலகத்துக்கு நேர் எதிரான ஒன்றைப் பார்க்கலாம். அரசவை மேசைப் பீங்கான் இல்லை, இந்த ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்து மண்பொம்மை. இவற்றை வாங்கியவர்கள் கடைக்காரர்கள், சாராயக்கடை நடத்தியவர்கள், கொஞ்சம் வசதியான விவசாயிகள். நின்ற இடம் கணப்பு அடுப்பின் மேல்தட்டு. வீட்டுக்கு வந்துபோகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடம்.

1740களில் உப்பு மெருகு போட்ட வெள்ளை மண்ணில் 'பியூ' குழுக்கள் என்று சில செய்தார்கள். உயர்ந்த முதுகுச் சாய்வு கொண்ட ஒரு பெஞ்சு, அதில் விறைப்பாக உட்கார்ந்த ஆணும் பெண்ணும். அச்சில்லை, எல்லாம் கையால் உருட்டித் தட்டிச் செய்தது. கண்ணுக்குக் கறுப்பு மண்ணில் ஒரு பொட்டு. சில பெஞ்சுகளில் வாத்தியம் வாசிக்கிறார்கள், சிலதில் காதலர்கள். நல்ல துணி உடுத்திப் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி ஒரு பெருமை அதில் தெரிகிறது. தங்களைத் தாங்களே பொம்மையாக்கிப் பார்த்துக்கொண்ட மக்கள் இவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'தசமபாகப் பன்றி'. முதலில் இங்கிலாந்தின் டார்பி தொழிற்சாலைப் பீங்கானில் வந்தது, பிறகு ஸ்டாஃபர்ட்ஷயர்க்காரர்கள் ஆளாளுக்கு மலிவாகச் செய்தார்கள். மரத்தடியில் மூன்று பேர். கொழுத்த பாதிரியார் ஒருவர், பன்றிக்குட்டியைத் தூக்கிப் பிடித்த விவசாயி ஒருவர், நடுவே அவருடைய மனைவி. அவள் கையில் ஒரு குழந்தை. காலடியில் கதிர்க்கட்டு, முட்டைக்கூடை, பன்றிக்குட்டிகள். பாதிரியார் பத்தில் ஒரு பன்றியைக் கேட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண் தன்னுடைய பத்தாவது குழந்தையை அவரிடம் நீட்டுகிறாள். பன்றி வேண்டுமானால் இதையும் எடுத்துக்கொண்டு போ என்கிறாள்.

அந்தக் கையை நன்றாகப் பாருங்கள். கெஞ்சுகிற கை இல்லை, தள்ளுகிற கை. பாதிரியார் பின்வாங்குகிறார்.

வயல்முனை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தசமபாகம் என்றால் நம் ஊர்ச் சபைகளில் விருப்பப்பட்டுக் கொடுப்பதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

டிரென்ட்கரை எழுதியது:

அங்கே அது சட்டம். நிலத்தில் விளைந்ததில் பத்தில் ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையின் ஊர்ப் பாதிரியாருக்குப் போக வேண்டும். கதிர், வைக்கோல், பால், முட்டை, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி எல்லாவற்றிலும். வேறு சபைக்குப் போகிறவரும் கொடுக்க வேண்டும். பொருளாகக் கொடுப்பதை மாற்றிப் பணமாக்கிய சட்டம் 1836இல்தான் வந்தது. அதுவரை ஊருக்கு ஊர் சண்டைதான்.

இன்னொன்று ரால்ஃப் வுட் என்ற குயவர் குடும்பத்தார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'விக்காரும் மோசஸும்'. விக்கார் என்றால் ஊர்ப் பாதிரியார். இரண்டு அடுக்குப் பிரசங்க மேடை. மேல் அடுக்கில் பாதிரியார் கையில் தலை சாய்த்துத் தூங்குகிறார். கீழ் அடுக்கில் சபை எழுத்தர் மோசஸ் கையை உயர்த்தி வழிபாட்டை நடத்திக்கொண்டிருக்கிறார். சம்பளம் மேல் அடுக்குக்கு, வேலை கீழ் அடுக்குக்கு. ஊரில் நாத்திகர்கள் யாரும் இல்லை. இதை வாங்கி வைத்தவர்கள் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனவர்கள்தான். 1781இல் இதே ஊர்ப்பக்கத்து ஈனக் வுட் என்ற இளைஞர், மெதடிஸ்டு போதகர் ஜான் வெஸ்லியை நேரில் உட்காரவைத்து மார்பளவுச் சிலை செய்தார். அதுவும் வீடு வீடாகப் போயிற்று. தூங்குகிற பாதிரியாரும் ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கித்த வெஸ்லியும் ஒரே ஊர் மண்ணிலிருந்து வந்தவர்கள். பக்தியை விட்டுவிடாமல் பாதிரியாரை மட்டும் கேள்வி கேட்ட ஒரு சமுதாயம் இதில் தெரிகிறது.

கீழ்வாசல் எழுதியது:

டிரென்ட்கரை சொன்னதுதான் நான் எதிர்பார்த்திருந்த மறுபாதி. மேசை மாறினால் பொம்மையின் பார்வையும் மாறுகிறது.

இனி எனக்கு மிகவும் கனமாகப் படுகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைசெனில் 1740களில் ஆப்பிரிக்க உருவங்களைச் சர்க்கரைக் கிண்ணத்தோடு செய்தார்கள். கறுத்த உடல், தலையில் துணி அல்லது இறகு, கழுத்தில் முத்து, பக்கத்தில் மூடி போட்ட சர்க்கரைப் பெட்டி. போ, செல்சீ, டார்பி தொழிற்சாலைகளும் ஆணும் பெண்ணுமாக ஜோடிகளைச் செய்தன. கையில் சிப்பி வடிவத் தட்டு, அதில் மிட்டாய் வைப்பார்கள்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? இலண்டனுக்கு ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும். ஜெர்மன் நாடுகளுக்கு, கரீபியனின் பிரெஞ்சுத் தீவுகளில் விளைந்து, ஹாம்பர்க் ஆலைகளில் சுத்தமாகி. கரும்பை வெட்டியவர்களும் இரவு பகலாகக் காய்ச்சியவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அந்த மனிதர்களின் உருவத்தையே செய்து, அவர்கள் காய்ச்சிய சர்க்கரையை அவர்கள் கையிலேயே கொடுத்து, விருந்தாளிக்கு நீட்ட வைத்தார்கள். உடம்பில் ஒரு தழும்பு இல்லை. சிரிப்பு இருக்கிறது.

தெருவியாபாரிப் பொம்மையில் மறைத்தது சேறும் களைப்பும். இங்கே மறைத்தது ஒரு கொலைக்களத்தை. நேர்ப்பேச்சு, வாங்கியவர்கள் கெட்ட எண்ணத்தோடு வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் சர்க்கரையும் அதைச் செய்தவரும் ஒன்றாக இருந்தும் கேள்வி எழாதபடி அவ்வளவு அழகாகச் செய்ய முடிந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்கு கண்டங்கள் என்ற வரிசையும் இதே மேசைக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு மகுடமும் செங்கோலும். ஆப்பிரிக்காவுக்கு யானைத் தலைக்கவசமும் சிங்கமும். அமெரிக்காவுக்கு இறகும் முதலையும். உலகத்தில் யார் எந்த இடம் என்று இனிப்பு தின்றுகொண்டே படித்துக்கொண்டார்கள்.

சூளைக்காரர் எழுதியது:

இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

என் பக்கத்திலிருந்து, செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்சீ தொழிற்சாலையை நடத்திய நிக்கோலஸ் ஸ்ப்ரிமான் 1750களில் அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினார். சாக்சனிப் பீங்கான் இறக்குமதியைக் கட்டுப்படுத்துங்கள் என்பது கோரிக்கை. அதில் தன்னிடம் நூறு பேருக்கு வேலை இருக்கிறது என்றும், ஊராட்சி ஆதரவிலும் தருமப் பள்ளிகளிலும் இருந்த 30 பையன்களை எடுத்து வரையவும் வண்ணம் தீட்டவும் பழக்குகிறேன் என்றும் பெருமையாகச் சொல்கிறார். மாடிப்படி சொன்ன மேய்ப்பவள்களுக்கும் பூக்களுக்கும் வண்ணம் தீட்டிய கைகளில் அனாதைப் பையன்களின் கைகளும் இருந்திருக்கும். அவர்களுக்குத் தொழில் கிடைத்தது என்பதும் உண்மை. சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஸ்டாஃபர்ட்ஷயரில் நிலைமை கொடியது. பியூ குழுக்களின் வெண்மை சுட்டு அரைத்த சிக்கிமுக்கிக் கல்லிலிருந்து வந்தது. அதை உலர்வாக அரைத்தபோது பறந்த தூள் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்றது. தாமஸ் பென்சன் என்பவர் 1726இல் தண்ணீரோடு சேர்த்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியபோது, இந்தத் தூள் ஆட்களைக் கொல்கிறது என்பதையே காரணமாகச் சொன்னார். பின்னால் வந்த வண்ண மெருகுகளில் ஈயம். மெருகுத் தொட்டியில் நாள் முழுக்கக் கையை முக்கி எடுத்தவர்களுக்குக் கை முடங்கிப்போவது தெரிந்த நோய். பாதிரியாரைக் கேலி செய்த பொம்மைக்கும் இதே தொட்டிதான்.

மாடிப்படி எழுதியது:

அடிமைகளைப் பற்றிப் பேசும்போது ஸ்டாஃபர்ட்ஷயர் மண்பாண்டத் தொழிற்சாலை முதலாளி வெட்ஜ்வுட்டை விட முடியாது. 1787இல் இலண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கியது. ஜோசையா வெட்ஜ்வுட் அதில் சேர்ந்தார். சங்க முத்திரையைத் தன் தொழிற்சாலையில் சிறு பதக்கமாகச் செய்தார். மாதிரி செய்தவர் வில்லியம் ஹாக்வுட். வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்பு மனிதர், சங்கிலியிட்ட கைகளைக் கூப்பி ஒரு காலில் மண்டியிட்டிருக்கிறார். சுற்றிலும், நான் மனிதன் இல்லையா, உங்கள் சகோதரன் இல்லையா என்ற கேள்வி. பொம்மை இல்லைதான், ஆனால் அதே தொழில், அதே மண், அதே வீடுகள். வெட்ஜ்வுட் இதை விற்கவில்லை, கொடுத்தார். 1788இல் ஒரு கட்டு பெஞ்சமின் ஃபிராங்கிளினுக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிற்று. ஆண்கள் பொடிடப்பி மூடியில் பதித்துக்கொண்டார்கள், பெண்கள் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் அணிந்தார்கள்.

சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சிரித்தவர் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்கிறார். அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் மண்டியிட்டுத்தான் கேட்கிறார். டிரென்ட்கரை சொன்ன விவசாயப் பெண் நின்றுகொண்டு குழந்தையை நீட்டினாளே, அந்த நிமிர்வை இவருக்குக் கொடுக்க அந்தச் சமுதாயத்துக்கு மனம் வரவில்லை. நல்ல எண்ணம் இருந்தும் வரவில்லை.

நேர்ப்பேச்சு எழுதியது:

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா? மண்டியிட்ட உருவம் இரக்கத்தைத் தூண்டியது. இரக்கம் கையெழுத்தானது, கையெழுத்து மனுவானது, 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. நிமிர்ந்து நிற்கும் உருவத்தை அந்தப் பெண்கள் கையில் போட்டுக்கொண்டிருப்பார்களா? பயன்பட்ட ஒரு பொருளை அது பயன்பட்ட விதத்தை வைத்தும் எடைபோட வேண்டும்.

மாடிப்படி எழுதியது:

பயன்பட்டது, மறுக்கவில்லை. அணிந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன்.

டிரென்ட்கரை எழுதியது:

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று. இந்தப் பொம்மைகளுக்கு அருங்காட்சியகங்களில் வைக்கிற அட்டைகளில் பல இன்னமும் தொழிற்சாலை, ஆண்டு, சிற்பி, மண்வகை என்ற நான்கோடு நின்றுவிடுகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிற்பதால் மேசையும் தெரிவதில்லை, கணப்படுப்பும் தெரிவதில்லை. பார்க்க வருகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அழகுப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் சர்க்கரைப் பெட்டி வைத்திருக்கும் உருவத்துக்குக் கீழே அந்தச் சர்க்கரை எந்தத் தீவில் விளைந்தது என்று எழுதியே ஆக வேண்டும். தசமபாகப் பன்றிக்குப் பக்கத்தில் அந்தச் சட்டத்தை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். இங்குள்ள அருங்காட்சியகங்களின் பார்வையாளர் கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். இலண்டன், டிரெஸ்டன் பக்கம் இருக்கிற நம்மவர்களும் அங்கே எழுதிப் போட்டால் நல்லது. அட்டையில் என்ன வாசகம் வர வேண்டும் என்று இங்கேயே எழுதுங்கள், சேர்த்து அனுப்புவோம்.

கீழ்வாசல் எழுதியது:

நிலப்படம் விற்பவருக்கு நான் எழுதித் தருகிறேன். பூஷார்தோனின் அச்சுப்படம் ஒன்றையும் பக்கத்தில் மாட்டச் சொல்லி.